மௌமீ ஆற்றைக் கையால் பார்ப்பது

மார்ச் கடைசியில் ஒஹாயோ மாநிலத்தின் மௌமீ ஆற்றங்கரையில் போய் நின்றால், ரசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். மரங்களில் இலை துளிர்த்திருக்காது. தண்ணீர் மண்நிறத்தில் ஓடும். இடுப்பளவு ஆழத்தில், நீர் புகாத முழுக்கால் உடை போட்டவர்கள் வரிசையாக நின்று தூண்டிலை வீசுவதும் இழுப்பதுமாக இருப்பார்கள். மீன் எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆனால் அந்தக் கலங்கலுக்கு அடியில் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டு நாமும் ஒரு தூண்டிலைப் பிடித்து நின்றால், நன்னீரில் மீன் பிடிப்பதில் இதைவிட நுட்பமான சுகம் இல்லை என்பேன்.

இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பிறக்கும் மௌமீ, டொலிடோவில் ஈரி ஏரியைச் சேர்கிறது. ஏரியில் வளரும் வால்ஐ மீன்கள் பனிக்கட்டி உருகியதும் ஆற்றை எதிர்த்து ஏறி வருகின்றன. பெரிஸ்பர்க், மௌமீ என்ற இரு ஊர்களுக்கும் இடையே ஆறு சுண்ணாம்புப் பாறை மீதும் சரளைக்கல் மீதும் வேகமாகப் பாய்கிறது. முட்டையிட அவற்றுக்கு வேண்டிய இடம் அதுதான். முட்டைகள் கல்லிடுக்கில் தங்கினால் மண் மூடாது. ஓடும் நீர் மூச்சுக்காற்றைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். பெரிய பெண் மீன் ஒன்று லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். கூடு கட்டாது, காவலும் இருக்காது. இட்டதும் ஏரிக்குத் திரும்பிவிடும். சிறிய ஆண் மீன்கள்தான் முன்னதாக வந்து வாரக்கணக்கில் தங்குகின்றன. தூண்டிலில் பெரும்பாலும் அகப்படுவதும் அவைதான்.

இதற்கெல்லாம் நாள் குறிப்பது தண்ணீரின் குளிர். வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மீன்வரத்து சூடுபிடிக்கும். 10 டிகிரியைத் தாண்டும்போது முட்டையிடும் காலம் முடிவை நெருங்கும். அதனால் பையில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் அதைப் பார்ப்பவருக்கு ஏப்ரலின் ஒரு வெயில் நாளும் அதற்கடுத்த குளிர்மழையும் சாதாரணச் செய்திகளாக இருக்காது.

அடுத்தது, மீனின் கண். வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இரவில் பூனையின் கண் மினுங்குவதும் இப்படிப்பட்ட படலத்தால்தான். உள்ளே வந்த ஒளியை இரண்டாம் முறையும் பயன்படுத்திக்கொள்ளும் இந்தக் கண்ணுக்கு, இரை தடுமாறும் மங்கல் வெளிச்சமே வசதி. விடியற்காலை, மாலை, மேகமூட்டம், லேசான கலங்கல் எல்லாம் அதற்கு வேட்டை நேரம். முழங்கை வரை கையை நீரில் விட்டால் விரல்கள் மங்கலாகத் தெரிய வேண்டும். நான் விரும்பும் கலங்கல் அந்த அளவுதான். பெருமழைக்குப் பின் சேறாக ஓடும் நாளில் அந்தக் கண்ணாலும் பயனில்லை, வீட்டில் இருந்துவிடலாம்.

தண்ணீரில் இறங்கியதும் தூண்டிலை வீசாதீர்கள். சற்று நேரம் நீரோட்டத்தைப் பாருங்கள். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு விழும்; நுரையும் சருகும் அதை ஒட்டியே போகும். மேலே எவ்வளவு வேகம் இருந்தாலும், தரையை உரசும் நீர் மெதுவாகத்தான் நகர்கிறது. எதிர்நீச்சலில் களைத்த மீன் பலத்தை மிச்சம் பிடிப்பது அங்கே, அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தில், பாறைகளின் பின்புறத்தில்.

ஆகவே தூண்டிலும் தரையைத் தொட்டே போக வேண்டும். இங்கே பலரும் கட்டும் முறை எளியது: தூண்டில் நரம்பில் நழுவி ஓடும் ஈயக்குண்டு, அதைத் தடுக்க ஒரு சுழலி, அதன்பின் இரண்டு மூன்று அடி நரம்பு, நுனியில் மிதக்கும் தலையுள்ள முள், அதில் ரப்பர் புழு. ஈயம் தரையில் உருளும். புழு அதற்குச் சற்று மேலே வாலாட்டி வரும். மேல்நீர்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வீசி, ஓட்டம் அதைக் கீழ்நோக்கி வளைத்துக் கொண்டுபோக விடுங்கள்.

இனி எல்லாம் விரலில் இருக்கிறது. ஆள்காட்டி விரலை நரம்பின்மேல் வைத்திருங்கள். கையுறையில் அந்த விரலை மட்டும் வெட்டிவிடலாம். டக், டக் என்று ஈயம் கல்லில் தட்டுவது கேட்பதுபோலத் தெரியும். கூர்மையான தட்டல் பாறைத்தளம். பொடிப்பொடியான நடுக்கம் சரளை. திடீரென்று ஒன்றுமே இல்லையென்றால் பள்ளம். கண்ணால் பார்க்க முடியாத ஆற்றுப் படுகை, வீச்சுக்கு வீச்சு கைக்குள் உருவாகிக்கொண்டே வரும். எனக்கு மீனைவிடப் பெரிய மகிழ்ச்சி இது. ஈயம் கனமானால் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும், கை குருடாகிவிடும். லேசானால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அன்றைய நீருக்கு ஏற்ற ஈயத்தைத் தேர்பவரே இங்கே தேர்ந்த கை. பக்கத்தில் ஒருவர் தொடர்ந்து மீன் எடுத்தால் அவர் புழுவின் நிறத்தைப் பார்க்காதீர்கள், ஈயத்தின் அளவைப் பாருங்கள்.

வால்ஐ பெரும்பாலும் வெடுக்கென்று பிடுங்காது. தட்டிக்கொண்டிருந்த ஈயம் தட்டுவதை நிறுத்தும், அல்லது நரம்பில் ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு கனம் ஏறும். கல்லா மீனா என்ற ஐயம் தீருமுன் கோலைத் தூக்க வேண்டும்.

இந்தப் பருவத்துக்கென்று கடுமையான விதிகள் உண்டு. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை பிடிக்கக் கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் அகலம் இல்லாத ஒற்றை முள்தான் அனுமதி. வாயில் மாட்டாமல் முதுகிலோ வயிற்றிலோ மாட்டிய மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். மீன் நெருங்கி நிற்கும் இடத்தில் முள்ளை இழுத்துக் குத்திப் பிடிப்பது எளிது. அதில் மீனின் விருப்பம் கிடையாது. இரையென்று நம்பி அது வாய் திறப்பதில்தான் இந்த விளையாட்டே இருக்கிறது. பெரிய பெண் மீன் வந்தால் சட்டம் கேட்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். சாப்பிட சின்ன ஆண் மீன்தான் அருமை: வெள்ளைச் சதை, முள் குறைவு. பாதரச மாசால் 1970-ல் ஈரி ஏரியில் வால்ஐ பிடிப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. அங்கிருந்து மீண்டு வந்த மீன் இது.

டெட்ராய்ட் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு மௌமீ ஒரு மணி நேரப் பயணம். சைட் கட் பூங்காவின் கரையில் நின்று பார்த்துவிட்டு இறங்கலாம். நெரிசல் பிடிக்காவிட்டால் கிழக்கே சாண்டஸ்கி ஆறு இருக்கிறது. ஃப்ரீமான்ட் ஊருக்கு மேலே நூறாண்டுக்கும் அதிகமாக மீனை மறித்து நின்ற பால்வில் அணை 2018-ல் உடைக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள சரளைப் படுகைகளுக்கு இப்போது மீன் ஏறிப்போக வழி இருக்கிறது.