இரண்டு எடிட்டர்கள், ஒரு தபால்பெட்டி

நாவலாசிரியனுக்கு மெயில் ஸர்வரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்கலாம். என் கதை ஒன்று அதில் அகப்பட்டுக்கொண்டது, அதுதான் யோக்கியதை. நண்பர் ஒருவர் ஒரே ஸர்வரில் ஒரு சிறு பத்திரிகைக்கு மின்னஞ்சல் நடத்திவந்தார். புதிதாக இன்னொன்றும் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ‘எடிட்டர்’ என்றே முகவரி. பின்னால் வரும் டொமைன்தான் வேறு. புதியதற்கு நான் அனுப்பிய கதை பழையதன் ஆசிரியரிடம் போயிற்று. அவர் தமக்கு வந்ததென்றே எண்ணி அச்சிட்டும்விட்டார். கேட்டு வாங்கியவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

வேறு ஸாப்ட்வேர் பார்க்க வேண்டும் என்றார் நண்பர். நானும் கூட உட்கார்ந்து, நாவல்களைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஸெண்ட்மெயில் ஆதி கிரந்தம். 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. ஒன்றோடொன்று ஒட்டாத பல வலைகளுக்கிடையே கடிதங்களைக் கொண்டு சேர்த்த புண்ணியம் அதற்கு உண்டு. ஆனால் அதன் அமைப்புக் கோப்பு, உரையில்லாத சூத்திரம். 1988இல் இன்டர்நெட்டைத் திணறடித்த மாரிஸ் புழு நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேஸல் எழுதிய எக்ஸிம் எதையும் செய்யும். எல்லாவற்றையும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சொல் மிகையில்லை. பாதுகாப்பில் ஓட்டை காட்டுகிறவருக்கு 500 டாலர் என்று 1997இல் அறிவித்த கர்வமும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் 1998இல் 1.03 பதிப்போடு ஆசிரியர் நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் திருத்திய பிரதியை வெளியிட 2007 வரை அனுமதியும் இல்லை. நல்ல வேட்டிதான், இன்று உடுத்த வேண்டுமானால் பிறர் தைத்த ஒட்டுக்களோடுதான்.

கடைசியில் போஸ்ட்பிக்ஸ். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வீட்ஸே வெனிமா எழுதி 1998இல் வெளிவந்தது. ஒன்றையொன்று முழுதும் நம்பாத சின்னச் சின்ன நிரல்கள், ஆளுக்கொரு வேலை. என்னைக் கவர்ந்தது அதன் விளக்க உரை. புது டொமைனைப் பழையதோடு ஒரே வரியில் சேர்த்தால், ஒரே பெயருள்ள இரண்டு முகவரிகளுக்கும் வரும் கடிதம் ஒரே கணக்கில் விழும்; தனிப் பெட்டி வேண்டுமானால் தனியாக எழுது; ஒரு டொமைனை இரண்டு இடத்திலும் எழுதாதே. தன் குறையை இப்படித் தானே முன்வந்து சொல்லும் நூல்கள் அபூர்வம்.

“இதையே வைத்துக்கொள்ளலாம்” என்றேன்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இப்போது ஓடுவதும் இதுதான். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை” என்றார்.

ஒரு வரியை மாற்றினார். கால் மணி ஆயிற்று. அந்த ஆசிரியருக்கு அடுத்த கதையை நான் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.