தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம்

ஊருக்குக் கிளம்பும்போது டைம்பீஸ் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். “கையில போன் இருக்கு. இது வேற எதுக்கு சார்?” இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிற ஆள் நான். கேட்டுவிட்டால் போதும், பையைத் திறந்து என் கறுப்புச் சதுரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுவேன். கேட்டவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவராக இருந்தால் தப்பித்தார். கடைசி வரை வருகிறவர் என்றால் அவர் பாடு.

பிரவுன் கம்பெனியின் பிசி 02. தீப்பெட்டி நான்கை அடுக்கிய அளவுதான் இருக்கும். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், வெள்ளை முட்கள், நொடி முள் மட்டும் மஞ்சள். பூவேலை கிடையாது, தங்க முலாம் கிடையாது, ‘சூப்பர் டீலக்ஸ்’ என்ற எழுத்து கிடையாது. பார்த்த உடனே மணி தெரியும். தூக்கக் கலக்கத்தில், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டாமல், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாலும் தெரியும்! டைம்பீஸிடம் நாம் கேட்பது வேறென்ன?

இதன் மூதாதை 1987-ல் வந்த ஏபி 1. அதை வடிவமைத்தவர் டீட்ரிஷ் லூப்ஸ். 1961 முதல் 1995 வரை பிரவுனின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டீட்டர் ராம்ஸின் கீழ் வேலை பார்த்தவர். ராம்ஸின் பெயர்தான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிகாரங்களின் முகத்தில் எண் எந்த இடத்தில் நிற்க வேண்டும், முள் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் லூப்ஸ். எனக்கு அவர்தான் நாயகன். இப்போது பிரவுன் பெயரில் கடிகாரம் செய்வது உரிமம் வாங்கிய வேறொரு நிறுவனம். ‘ஒரிஜினல் மாதிரி வருமா?’ என்று பழைய ஏபி 1-ஐத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அவர்கள் அலையட்டும். எனக்கு இதுவே சொர்க்கம்.

இதே பிரவுன் 1980-களில் குரலுக்கு அடங்கும் அலாரம் ஒன்றும் போட்டது. ‘போதும்!’ என்று ஒரு சத்தம் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது. நம்மூர் ஸ்லீப்பர் கோச்சில் அதை வைத்தால், மேல் பெர்த்துக்காரரின் ஒரு குறட்டைக்கே பயந்து அடங்கிவிடும்.

சரி, போன் ஏன் போதாது? சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி கொடைக்கானல் ரோட்டில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு வெகுமுன்பே ஸ்டேஷன் வந்துவிடும். வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். அசந்தால் கண்விழிப்பது மதுரையில். ராத்திரி படம் பார்த்துவிட்டுப் பத்து சதவீத சார்ஜில் போனை வைத்துக்கொண்டு, ‘சார்ஜில் போட்டால் ஆச்சு’ என்று நினைக்கவும் முடியாது. தீ விபத்துப் பயத்தால், இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ரயில் பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பது என்று 2021-ல் ரயில்வே முடிவெடுத்தது. 139-க்குச் சொல்லிவைத்தால் ஸ்டேஷன் வருவதற்கு முன் கூப்பிட்டு எழுப்புவார்களே என்பீர்கள். நல்ல வசதிதான். ஆனால் அவர்களும் அந்தச் செத்த போனுக்குத்தானே கூப்பிட வேண்டும்?

என் சதுரத்துக்குத் தேவை ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரி. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே பேட்டரி. பட்டன் பேட்டரி போடுகிற டைம்பீஸை நான் தொடவே மாட்டேன். டபுள் ஏ எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சரவண பவனே இல்லாத ஊரிலும் கிடைக்கும். பட்டன் பேட்டரிக்கு வாட்ச் கடையைத் தேடி, கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்து நின்று, ‘இந்த நம்பர் ஸ்டாக் இல்லையே’ என்று கேட்டுத் திரும்ப வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முள்ளை நகர்த்தத் துளி மின்சாரம் போதும். அலாரம் கத்துவதற்கோ அதைவிட நிறைய வேண்டும். அதனால் பேட்டரி சாகிற காலத்தில் கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டேயிருக்கும், அலாரம் மட்டும் சளி பிடித்த குரலில் முனகும். ‘மணி சரியாகத்தானே காட்டுகிறது’ என்று நம்பிவிடக் கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒருதரம் அடிக்கவிட்டுக் கேட்டுவிட வேண்டும். குரல் கம்மியிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒழுகிய பேட்டரி நல்ல டைம்பீஸையும் தின்றுவிடும்.

அந்த அலாரம் இருக்கிறதே! அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் வீட்டில் இருந்த டைம்பீஸ் தலையில் இரண்டு மணியும் நடுவில் ஒரு சுத்தியலுமாக நிற்கும். அது அடித்தால் எங்கள் வீடு மட்டுமா, எதிர்வீட்டுக் கைக்குழந்தையும் எழுந்துகொள்ளும். இது அப்படியில்லை. முதலில் சின்னதாக ‘பீப்’. எழவில்லையா, கொஞ்சம் அவசரமாக. இன்னும் எழவில்லையா, இன்னும் அவசரமாக. முதல் பீப்பிலேயே எழுந்துவிட்டால் பக்கத்து பெர்த்தில் யாருக்கும் தெரியாது. நெஞ்சு படபடக்க எழுவதில்லை. தோளைத் தொட்டு எழுப்புகிற அம்மாவின் நாசூக்கு அதற்கு வாய்த்திருக்கிறது. மேலே அழுத்தினால் மெல்லிய விளக்கு எரிந்து மணி தெரியும். கூடவே ‘இன்னும் கொஞ்சம் தூங்கு’ என்ற சலுகையும் உண்டு. ரயிலில் அந்தச் சலுகையை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. லாட்ஜில் பார்ப்பதுண்டு.

ஓடும் சத்தமும் கிடையாது. காதோடு வைத்தால்தான் ஏதோ நடக்கிறது என்று தெரியும். லாட்ஜ் அறையின் நடுநிசியில் ‘டிக் டிக்’ என்று அடிக்கிற டைம்பீஸோடு படுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். எழுப்ப வேண்டியது தூங்கவே விடாவிட்டால் எதற்கு?

சாவி கொடுக்கும் பழைய மடக்கு டைம்பீஸ்கள் எனக்கும் பிடிக்கும். தோல் உறை போட்ட ஜெர்மன், சுவிஸ் சாமான்கள். பெட்டியைத் திறந்தால் அதுவே கால் ஊன்றி நிற்கும். அழகோ அழகு. ஆனால் தினமும் சாவி கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே போகும். குவார்ட்ஸ் கல்லோ நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அதைப் பதினைந்து தரம் பாதிபாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். அந்த ஒன்றுதான் முள்ளை நடத்துகிறது. சாதாரண குவார்ட்ஸே ஒரு மாதத்தில் அரை நிமிடத்துக்குள்தான் பிசகும். பழசை ஷோகேசில் வையுங்கள். பையில் இதை வையுங்கள்.

முள் கடிகாரமா, எண் ஓடும் டிஜிட்டலா என்று கேட்டால், முள்தான். டிஜிட்டலில் இரண்டு பட்டனைச் சேர்த்து மூன்று நொடி அழுத்தி, மோடு மாற்றி, தாண்டிப் போய்விட்டால் மறுபடியும் சுற்றி வர வேண்டும். இதில் முள்ளைத் திருப்பினால் முடிந்தது. சிங்கப்பூருக்குப் போனால் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளு. காத்மாண்டு என்றால் கால் மணி. கொழும்புக்குத் தொடவே வேண்டாம், 2006-லிருந்து அங்கும் நம்ம மணிதான்.

முள்ளிலும் இரண்டு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. காலை ஐந்துக்கு எழ வேண்டும் என்று மாலை நாலு மணிக்கே அலாரத்தைத் தட்டிவிட்டால், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கும். படுக்கப் போகும்போதுதான் சுவிட்சைத் தள்ள வேண்டும். அடுத்தது, அலாரம் முள்ளைச் சின்ன வட்டத்தில் துல்லியமாக வைக்க முடியாது, சில நிமிடம் முந்தியோ பிந்தியோ அடிக்கும். வாங்கிய அன்றே அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் கவலையில்லை. என்னுடையது முந்துகிற ஜாதி. அதற்காகவே எனக்கு இன்னும் கூடுதல் பிரியம்.

டார்ஜிலிங்கில் டைகர் ஹில்லுக்குச் சூரிய உதயம் பார்க்கக் கிளம்ப நடுராத்திரி மாதிரியான நேரத்தில் எழ வேண்டும். லாட்ஜில் எல்லோரிடமும் ‘நான் எழுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போன பையனை நான்தான் போய்க் கதவைத் தட்டி எழுப்பினேன். கஞ்சன்ஜங்கா சிவந்ததைப் பார்த்தபோது மற்றவர்கள் மலையைப் புகழ்ந்தார்கள். நான் என் ஜெர்கின் பாக்கெட்டைத் தடவிக்கொடுத்தேன்.

ரயிலில் இப்போது எனக்கு ஒரு பதவியே வந்துவிட்டது. சதுரத்தை எடுத்து நிமிர்த்தி வைத்ததும் கீழ் பெர்த் பெரியம்மா யாராவது கேட்டுவிடுவார்கள். “தம்பி, திண்டுக்கல்ல என்னையும் எழுப்பி விடுறியாப்பா? மகன் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பான்.” “நிம்மதியா தூங்குங்கம்மா” என்று சொல்லும்போது எனக்குக் கிடைக்கிற கர்வத்தை எந்த போனும் கொடுத்ததில்லை.

பிரவுன்தான் வேண்டும் என்பதில்லை. கேசியோவிலும் இதே சாயலில் சின்னச் சதுரங்கள் உண்டு, விலையும் குறைவு. எதை வாங்கினாலும் கடைக்கு ஒரு பேட்டரியை எடுத்துக்கொண்டு போங்கள். போட்டு அடிக்கவிட்டுக் கேளுங்கள். காதில் வைத்து ஓட்டத்தைக் கேளுங்கள். அலாரம் போட்டிருக்கிறதா இல்லையா என்று இருட்டில் விரலால் தடவியே தெரிகிறதா பாருங்கள். பைக்குள் துணிகளுக்கிடையே நசுங்கும்போது தானாகத் தட்டிக்கொள்கிற சுவிட்ச் என்றால் வேண்டவே வேண்டாம். நடு ரோட்டில் பஸ்ஸின் லக்கேஜ் கேரியரிலிருந்து ‘பீப் பீப்’ என்று வந்தால் இந்தக் காலத்தில் போலீஸே வந்துவிடும்.

பிசி 02 வெள்ளை நிறத்திலும் வருகிறது. வீட்டில் மனு போட்டிருக்கிறேன். “ஒரே நேரத்துல ரெண்டு கடிகாரம் பார்த்து எழுந்திருக்கப் போறீங்களா?” என்று கேட்டாள் என் மனைவி. போன வாரம் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் கிளம்பியபோது, என் பையிலிருந்து கறுப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனதும் அவள்தான். அதனால் மனு பாஸாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.