அபராஜிதனின் அம்மா பெயர்

பல்லவர் வம்சாவளிப் பட்டியல் எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் நான் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். அங்கே அபராஜிதவர்மன் இருப்பான். அவனுக்கு மேலே ஒரு கோடு போகும். அந்தக் கோடு நிருபதுங்கனில் போய் முட்டினால், அந்தப் பட்டியல் 1977-க்கு முந்தையது, அல்லது முந்தைய ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். கம்பவர்மனில் முட்டினால் வேலஞ்சேரிச் செப்பேட்டைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது வகைப் பட்டியலிலும் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்காது. அபராஜிதனின் அம்மா பெயர். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

வேலஞ்சேரி எங்கள் திருத்தணிக்குப் பக்கத்து ஊர். 1977-இல் அங்கே இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது, மற்றது முதலாம் பராந்தக சோழனுடையது. இரா. நாகசாமி படித்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1979-இல் புத்தகமாக வெளியிட்டது. அபராஜிதன் கம்பவர்மனின் மகன், தாய் கங்க குலத்து இளவரசி விஜயா என்பது இந்தச் செப்பேட்டிலிருந்துதான் தெரிய வந்தது. அதுவரை அப்பாவாக எழுதப்பட்ட நிருபதுங்கன் ஒரே நாளில் அப்பாவின் சகோதரன் ஆகிவிட்டான். நிருபதுங்கனின் பெற்றோர் மூன்றாம் நந்திவர்மனும் ராஷ்டிரகூட இளவரசி சங்காவும் என்று பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கம்பவர்மனும் அதே நந்திவர்மனின் மகன்.

சரி, அப்பா பெயர் மாறியது, அதைத் திருத்திக்கொண்டார்கள். அம்மா பெயரை ஏன் சேர்க்க வேண்டும்? இதற்கு விடை நம் ஊரில் இல்லை, கும்பகோணத்துப் பக்கம் திருப்புறம்பியத்தில் இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பள்ளிப்படை நினைவிருக்கும். சுமார் 880-இல் அங்கே நடந்த போரில் அபராஜிதன் ஒரு பக்கம், பாண்டியன் வரகுணன் மறுபக்கம். அபராஜிதனுக்காகப் போரிட்டுச் செத்தவன் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி. இந்தத் தகவல் உதயேந்திரம் செப்பேட்டில் வருகிறது. வரகுணனை வென்று, தன் உயிரைக் கொடுத்து, 'அபராஜிதன்' (தோல்வி காணாதவன்) என்ற தன் நண்பனின் பெயருக்குப் பொருள் உண்டாக்கினான் என்று அது சொல்கிறது.

நம் பாடப்புத்தகங்கள் இதை 'பல்லவருக்குக் கங்கர் உதவினர்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஏன் உதவினர்? வெறும் நட்புக்காக ஒரு ராஜா காவிரிக்கரை வரைக்கும் வந்து உயிரை விடுவானா? விஜயாவின் பெயரைப் பட்டியலில் எழுதிப் பாருங்க, கேள்வி பாதி தீர்ந்துவிடும். செத்தவன் அபராஜிதனின் தாய்வழிக் குலத்துக்காரன். செப்பேட்டில் 'நண்பன்' என்று இருந்தாலும் அந்த நட்புக்கு அடியில் ஒரு பெண் வழி உறவு இருக்கிறது. அம்மாவை விட்டுவிட்டால் கூட்டணி எல்லாம் திடீரென்று முளைத்த மாதிரி தெரியும். ஒரு டேபிளில் இருந்து ஃபாரின் கீயை அழித்துவிட்டால் மீதித் தகவல் அப்படியேதான் இருக்கும், ஆனால் எது எதோடு சேரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். செப்பேட்டுப் பிரசஸ்தி என்பதே புகழ்ச்சிதானே? பல்லவர் செப்பேடுகள் வம்சத்தைப் பிரம்மாவில் தொடங்கி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறக்கிக்கொண்டு வரும். அதையெல்லாம் நம்பாத நாம் விஜயாவை மட்டும் எப்படி நம்புவது?

என் பதில் இது. பிரசஸ்தியில் மேலே போகப் போகக் கற்பனை கூடும், கீழே வர வர அது குறையும். அசுவத்தாமனைப் பார்த்தவன் எவனும் இல்லை. ராஜாவின் அப்பா அம்மா யாரென்று சபையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அபராஜிதன் ஆளும்போதே வெட்டிய செப்பேடு இது. கம்பவர்மன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் தனியாகவே கிடைக்கின்றன. அதனால் இந்த இரண்டு பெயர்களையும் நம்பலாம். புகழ்ச்சி வேறு, பொய் வேறு.

அதே அளவுகோலை எதிர்த் தரப்புக்கும் வைக்க வேண்டும். அபராஜிதனை வீழ்த்தியவன் முதலாம் ஆதித்த சோழன். அதைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடும் நம் வட்டாரத்தில் கிடைத்ததுதான். அது ராஜேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், அதாவது சம்பவம் நடந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதியது. அதுவும் பெயரை வைத்தே விளையாடுகிறது. தோல்வி காணாதவன் என்று பெயர் வைத்திருந்தும் தோற்றான் என்கிறது. இன்னும் அரை நூற்றாண்டு கழித்து வந்த வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டில், ஆதித்தன் யானை மேல் பாய்ந்து பல்லவனைக் கொன்றதாகக் காட்சி விரிகிறது. காலம் போகப் போகக் காட்சி பெரிதாகிறது. ஆதித்தன் ஜெயித்தான் என்பதில் சந்தேகம் இல்லை. யானைக் காட்சியைச் சரித்திரமாக எழுதுகிறவர்கள், அதே கையால் வேலஞ்சேரிச் செப்பேட்டை 'வெறும் புகழ்ச்சி' என்று ஒதுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உதயேந்திரம் செப்பேட்டையும் யார் பேசுகிறார் என்று பார்த்துத்தான் படிக்கணும். வெளியிட்டவன் செத்துப்போன பிருதிவீபதியின் பேரன், இரண்டாம் பிருதிவீபதி. அப்போது அவன் பராந்தக சோழனுக்குக் கீழே இருந்தவன். பராந்தகனோ அபராஜிதனை அழித்த ஆதித்தனின் மகன். சோழனின் கீழ் இருந்துகொண்டு, தாத்தா பல்லவனுக்காகச் செத்ததைப் பெருமையாகச் செம்பில் வெட்டுகிறான். சோழனுக்குப் பிடித்த கதையைச் சொல்ல நினைத்திருந்தால் அந்தப் பகுதியை விட்டிருக்கலாம். விடவில்லை. அதனால்தான் அந்தச் சாட்சிக்கு எடை அதிகம்.

வேலஞ்சேரியை விட்டால் அபராஜிதனைப் பற்றி நம் ஊரிலேயே இருக்கும் இன்னொரு சாட்சி வீரட்டானேசுவரர் கோயில். மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்காத, யானையின் பின்புறம் போல வளைந்த சின்னக் கற்றளி. அவனுடைய 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. அதைப் பாராட்டி ராஜாவே ஒரு வெண்பா பாடியதாகக் கல்வெட்டு சொல்கிறது. கட்டினது நம்பி அப்பி, பாடினது அரசன் என்று இரண்டு பேரின் பங்கையும் கல் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. நாம்தான் சுருக்கி 'அபராஜிதன் கட்டிய கோயில்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா பெயர் விடுபட்டதும் இதே சுருக்கும் பழக்கத்தால்தான். ஆதாரம் இல்லாமல் விடுபட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே ஆதாரம் வெளிவந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டியல் போடுகிறவர்கள் கம்பவர்மன் பெயருக்குப் பக்கத்தில் 'விஜயா (கங்க குலம்)' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். திருப்புறம்பியம் போரைப் படிக்கும் பிள்ளைகள், கங்கன் எங்கிருந்து வந்தான் என்று முழிக்க வேண்டியிருக்காது.