மொவானா: கடலேறிய மகளும் கரையில் நின்ற தந்தையும்

வோல்ற் டிஸ்னி நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'மொவானா', சிறுவர்க்கான அசைவூட்ட இசைத் திரைப்படங்களுள் விதந்து பேசப்பட்ட ஒன்றாகும். றொன் கிளெமென்ற்ஸ், ஜோன் மஸ்கர் ஆகியோர் இதனை நெறிப்படுத்தினர். கடலையும் கடனீரேரியையும் நம்பி வாழும் மக்களின் கதையாதலால், மட்டக்களப்பு வாவிக்கரையினின்று இதனை நோக்குதல் பொருத்தமுடையது.

மொற்றுநூயித் தீவில் தேங்காய் அழுகுகின்றது, மீன்பாடு அற்றுப்போகின்றது. மௌயி என்னும் அரைத்தெய்வம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் டே பிற்றி என்னும் தாய்த்தெய்வத்தின் இதயத்தைக் கவர்ந்தமையே இதற்குக் காரணம். அதனை மீளச் சேர்ப்பிக்கத் தலைவன் மகள் மொவானா கடலேறுகின்றாள்.

ஊர்க்கடமைக்கும் கடலின் அழைப்புக்குமிடையே அவள் படும் தவிப்பு படிப்படியாக வளர்த்தெடுக்கப்படுகின்றது. மௌயியின் செருக்கினடியில், பெற்றோரால் கடலில் எறியப்பட்ட குழந்தையின் வேதனை மறைந்துள்ளமையும் நன்கு புலப்படுத்தப்படுகின்றது. இவ்விருவர்க்கும் கிடைத்த கவனம் ஏனையோர்க்குக் கிடைக்கவில்லை என்பதே எமது விமர்சனமாகும்.

தந்தை டூயியை எடுத்துக்கொள்வோம். இளமையில் கற்பாரைத் தாண்டிச் சென்று நண்பனைக் கடலுக்குப் பலிகொடுத்தவன் அவன். இச்செய்தியை நாம் அவன் மனைவி வாயிலாகவே அறிகின்றோம். அவன் பாடும் பாட்டு ஊரில் தங்குதலின் நன்மையைப் பேசுகின்றதேயன்றி, அவனது இழப்பைப் பேசவில்லை. இறுதியில் மகளைத் தழுவிக்கொள்பவன், சற்றுநேரத்தில் தானும் கடலோடியாகிவிடுகின்றான். இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? படம் விடை கூறவில்லை.

2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிக் கரைகளைக் கடல் விழுங்கியதை அறிந்தோர்க்கு இது சிறுகுறையன்று. இங்கே பிள்ளையைக் கடலுக்கு விட அஞ்சும் தந்தை பிற்போக்காளனல்லன், அனுபவத்தால் அஞ்சுபவன். அவ்வச்சத்தை விளங்கிக்கொள்ளாது வெல்லும் துணிவு, பாதித் துணிவே.

ஊராரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மீனில்லை என முறையிடவும் கூட்டாகப் பாடவுமே அவர்கள் வருகின்றனர். மொவானா சென்றபின் அவர்கள் எதனை உண்டனர், எங்ஙனம் வாழ்ந்தனர் என்பது சொல்லப்படவில்லை. உழைக்கும் மக்களின் பசி கதையின் தொடக்கத்துக்கு உதவியபின் மறக்கப்படுகின்றது.

சிறுவர் படத்தில் வகைமாதிரிப் பாத்திரங்களே போதும் எனச் சிலர் வாதிடலாம். எமது வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலும் பாத்திரங்கள் வகைமாதிரிகளே. ஆயினும் அரசனுக்கும் அமைச்சனுக்கும் கட்டியகாரனுக்கும் தனித்தனி வரவும் தாளக்கட்டும் உண்டு. அரசியும் தன் நியாயத்தைத் தருவில் எடுத்துரைப்பாள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய, சி. மௌனகுருவின் 'இராவணேசன்' பகைவனின் உள்ளத்தையே நடுவில் நிறுத்தியது. குறை வகைமாதிரியிலன்று, பாட்டின் பங்கீட்டிலேயே உள்ளது.

தீப்பிழம்பாய் எதிர்த்து நிற்கும் டே கா, இதயம் பறிக்கப்பட்ட டே பிற்றியே என்பதை உணர்த்துமிடத்தில் இப்படம் உயர்ந்து நிற்கின்றது. பகையின் பின்னாலுள்ள காயத்தைக் காணத் தெரிந்த படைப்பாளிகள், வீட்டிலிருக்கும் தந்தையின் காயத்தை ஒரு வசனத்தில் கடந்துவிட்டனர். வாவிக்கரைச் சிறுவருக்கு நாடகமோ படமோ ஆக்க முனைவோர், கரையில் நிற்பவனுக்கும் ஒரு பாட்டினை ஒதுக்குதல் வேண்டும்.