மூன்றாம் முடிச்சும் கீஃபிரேமும்

கல்யாண வீடியோக்களில் இப்போது எந்த ஊரிலும் தவறாமல் வருகிற ஷாட் ஒன்று உண்டு. மாப்பிள்ளை மண்டப வாசலில் விறுவிறுவென்று நடந்து வருவார். சட்டென்று நடை தேங்கும். தலைக்கு மேல் தூவிய பூ அந்தரத்தில் மிதக்கும். பிறகு மறுபடியும் வேகம் பிடித்து அடுத்த ஷாட்டுக்குத் தாவிவிடும். எடிட்டர்கள் இதை ஸ்பீட் ராம்ப் என்கிறார்கள். நன்றாகச் செய்தால் நெஞ்சைத் தொடும். பெரும்பாலும் நன்றாகச் செய்யப்படுவதில்லை. அதற்கான காரணங்கள் எடிட்டிங் மேசைக்கு வெளியேயும் இருக்கின்றன.

கீஃபிரேம் என்பது டைம்லைனில் நாம் குத்தி வைக்கும் புள்ளி. இங்கே வேகம் 100 சதவீதம், அங்கே 20 சதவீதம் என்று இரண்டு புள்ளிகளுக்கு மதிப்புக் கொடுத்தால், இடைப்பட்டதை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். இந்த வேலைப் பிரிவினை கார்ட்டூன் கூடங்களிலிருந்து வந்தது. மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். நடுவில் வர வேண்டிய படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் அந்த உதவியாளர் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். 1974ல் வந்த பீட்டர் ஃபோல்டெஸின் ‘ஹங்கர்’ என்ற குறும்படம் அப்படி உருவானதுதான். ஆனால் கார்ட்டூன் உதவியாளருக்கு நிதானம் தெரியும், எங்கே நெருக்கி வரைவது, எங்கே தள்ளி வரைவது என்று. கணினிக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும் இடம் கிராஃப். கீஃபிரேம் முறையின் உண்மையான பலமும் அங்கேதான் இருக்கிறது. 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரு பெயர்ப்பலகை 2 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 48 ஃபிரேம். சீரான வேகத்தில் ஃபிரேமுக்கு 40 பிக்சல் நகரும். பார்க்க உயிரே இருக்காது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இரு புள்ளிகளுக்கும் ஈஸி ஈஸ் கொடுத்தால் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும். தூரமும் நேரமும் மாறாததால், இரு முனைகளிலும் குறைந்த வேகம் நடுவில் கூடியாக வேண்டும். அங்கே அது சராசரியைப் போல ஒன்றரை மடங்காகி, ஃபிரேமுக்கு 60 பிக்சல் வரை போகும். கனமுள்ள பொருள் நகர்வதாக நம் கண் நம்புவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான். கிராஃப் வளைவின் கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்து அந்தக் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இவ்வளவு நுட்பமான கட்டுப்பாட்டை ஒருவர் தனியாக, ஒரு மேசையில் உட்கார்ந்து பெற முடிகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வீடியோ கிளிப்பில் இதே வேலையைச் செய்யும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெயர்ப்பலகைக்குத் தேவையான எந்த நிலையையும் கணினி புதிதாக வரைந்துகொள்ளும். கேமரா பிடிக்காத கணத்தை அது எங்கிருந்து எடுக்கும்? நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த ஷாட்டை 25 சதவீதத்துக்கு இறக்கினால், ஒரு நொடிக்கு உண்மையான படம் 6தான். ஒவ்வொன்றும் நான்கு முறை காட்டப்படும். கிராஃப் வெண்ணெயாக வளைந்திருக்கும், படம் நொண்டும். 120 ஃபிரேமில் எடுத்திருந்தால் 20 சதவீதம் வரை கவலையில்லாமல் இறங்கலாம். ஆக, வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் கேமராவைப் பிடித்திருப்பவர். எடிட்டர் கைக்கு வரும்போது பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் 120ல் எடுத்துவிடலாமே என்பார்கள். அதற்கும் விலை உண்டு. வழக்கமான ஷட்டர் கணக்குப்படி அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு நொடியில் 240ல் ஒரு பங்கு நேரம்தான் ஒளி வாங்கும். அதை இயல்பு வேகத்துக்குத் திருப்பும்போது, வீசும் கையில் இருக்க வேண்டிய மங்கல் இருக்காது. அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ராம்ப் செய்த ஷாட்டில் வேகமான பகுதி உறுத்துவதற்கு இது முக்கியக் காரணம். பலர் தவறைக் கிராஃபில் தேடி வீணாக நேரம் கழிக்கிறார்கள். மண்டப விளக்குகள் வேறு இருக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, ஸ்லோமோஷனில் மணப்பெண்ணின் முகத்தில் படபடவென்று அடிக்கும்.

இல்லாத ஃபிரேமை ஊகித்து உண்டாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ என்ற வசதி எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரிலும் இருக்கிறது, டாவின்சி ரிசால்விலும் இருக்கிறது. வெட்டவெளியில் ஓடும் காருக்கு அது நன்றாகவே உதவும். தாலி கட்டும் ஷாட்டில் போட்டுப் பாருங்கள். விரல்கள் கயிற்றைக் கடக்கும் இடத்தில் விரலும் கயிறும் குழைந்து ஒன்றாகும். மல்லிகைச் சரம் மெழுகாக உருகும். ஒன்றை ஒன்று மறைத்து நகரும் இடங்களில் எந்தப் புள்ளி எங்கே போனது என்று அதற்குத் தெரிவதில்லை.

ஒலியை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பிரீமியரின் டைம் ரீமேப்பிங் படத்தின் வேகத்தை மட்டுமே மாற்றும். ஒலி அதன் போக்கில் ஓடும். படமும் ஒலியும் பொருந்தாது என்பதால் எடிட்டர் ஒலியை அணைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுகிறார். கெட்டிமேளம் என்பதே ஒரு வேக மாற்றம்தான். அதுவரை நிதானமாகப் போன தவில் அந்த ஒரு கணத்தில் பொங்கி எழுகிறது. அதை அழித்துவிட்டு, அந்த எழுச்சியைக் கிராஃபில் செயற்கையாக வரைகிறோம்.

1954ல் வந்த அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தில், குழந்தையைப் பிடித்து வைத்திருந்த திருடன் வெட்டுப்பட்டுக் குடிசையிலிருந்து வெளியே வந்து சாய்வது ஸ்லோமோஷனில் போகும். பார்த்து நிற்பவர்கள் இயல்பான வேகத்தில் இருப்பார்கள். ஒரே ஷாட்டுக்குள் ராம்ப் எதுவும் கிடையாது, இரு வேகங்களுக்கும் நடுவே ஒரு கட் மட்டும். எந்த வேகம் யாருக்கு என்பதை இயக்குநர் யோசித்து வைத்திருக்கிறார். போர்க்களத்தில் ஒரே ஷாட்டுக்குள் வேகத்தை ஏற்றி இறக்கிய ‘300’ படத்திலும் அந்த யோசனை தெரியும். வேகமாகக் கடப்பது அடுத்த எதிரியை நோக்கிய ஓட்டம், தங்குவது அடி விழும் இடம். மொபைல் செயலிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் வளைவுகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஷாட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே அவை நடுவில் தேங்கும்.

பல குடும்பங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். நான் பார்த்த வீடியோக்களில் அந்த முதல் முடிச்சு அரை நிமிடம் மிதக்கிறது. உடனே வளைவு செங்குத்தாக ஏறி, நாத்தனாரின் கை ஒரு வண்ணக் கீற்றாகக் கடந்துபோகிறது. பின்னாலிருந்து குனிந்து, கூந்தலை ஒதுக்கி, நடுங்கும் விரலால் மூன்றாவது முடிச்சை அவர் இறுக்கியது 120 ஃபிரேமில் முழுதாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது கீஃபிரேமைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் அது கிடைத்துவிடும்.