1969 டிலைட்: ஓட்டிப் பார்த்ததும் ஏட்டில் பார்த்ததும்

ராஜபாளையத்தில் ஒரு மில் குடும்பத்தின் கொட்டகையில் நிற்கும் இந்த ஃபியட் 1100 டிலைட், 1969இல் பதிவான வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. தெருவில் போகிறவர்கள் 'பத்மினி' என்றுதான் கைகாட்டுகிறார்கள். பத்மினி என்ற பெயரே 1974இல்தான் வந்தது; அதற்கு முன் கொஞ்ச காலம் 'பிரீமியர் பிரசிடென்ட்'. ஃபியட் ஒப்பந்தம் முடிந்ததும் தகடு மாறியது, தகரம் மாறவில்லை.

பழைய வண்டியைப் புதுப்பித்தவர்கள் முதலில் காட்டுவது பெயின்ட் பளபளப்பை. இந்த வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து ஒரு நீள நோட்டையும் பிஸ்கட் டின்னையும் எடுத்தார். எந்தப் பொருளைக் கழற்றினோம், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், பதிலுக்கு என்ன போட்டோம் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. கழற்றிய சின்னச் சாமான்கள், நூலில் அட்டை கட்டி, டின்னில். நான் பார்த்த பழைய ஃபியட்டுகளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இந்த மாடலுக்கு இது அவசியமும்கூட. டான்டே ஜக்கோசா வடிவமைத்த 1100-103, 1953இல் ஜெனீவா கண்காட்சியில் வெளியானது. மறுவருடமே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆரம்ப வண்டிகளில் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும். கதவு எதிர்த்திசையில் திறக்கும். 1964இல் வந்த டிலைட்டில்தான் கதவு வழக்கமான பக்கம் திரும்பியது. பின்பக்கத்து மீன்துடுப்பு வளைவோடு கூடிய இந்த உடல், இத்தாலியில் 1957இல் வந்த 1200 கிரான்லூச்சேயிலிருந்து இறங்கியது. ஆனால் இன்ஜின் கதை வேறு. இத்தாலிய 1100டி 1221 சிசி. நம்முடையது கடைசிவரை 1089 சிசி. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 75 மி.மீ.தான், போர் மட்டும் அங்கே 72, இங்கே 68. உடம்பு ஒன்றாக இருக்கிறதே என்று இத்தாலியிலிருந்து 1100டி பிஸ்டன் வரவழைப்பவர் காசைக் கடலில் போடுகிறார். நோட்டின் முதல் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டி பதிவான அதே 1969இல் இத்தாலியில் 1100 உற்பத்தி நின்றது. குர்லாவோ அதற்குப் பிறகும் சுமார் முப்பது வருடம் விடவில்லை. பம்பாய்த் தெருவில் கடைசி பத்மினி டாக்சி ஓய்ந்தது 2023 அக்டோபரில். எனவே இந்த மாடலின் பாதிக்கு மேற்பட்ட வரலாறு இங்கேதான் இருக்கிறது. அதை ஃபியட்டின் ஊரான டூரினில் போய்த் தேட முடியாது.

சரி, ஓட்டுவோம். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால், இரண்டு இருமலுக்குப் பிறகு இன்ஜின் நிதானத்துக்கு வருகிறது. ஹேண்ட் கியர், நான்கு. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் அதைத் தொட வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போது திணித்தால் கியர்பாக்ஸ் கடகடவென்று திட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் கொல்லம் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் மூன்று பேர் முன்சீட்டில் தோளோடு தோள் உட்கார்ந்து கத்தாமல் பேசலாம். அதற்கு மேல் போகும், போக வேண்டாம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் போகிற பஸ் எங்கே நிற்கும் என்பதை அதன் டிரைவருக்கு முன்பே நாம் முடிவு செய்துவிட வேண்டும்.

கதவோரத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் மேற்கு மலைக் காற்று நேராக மார்பில் அடிக்கிறது. ஏசி இல்லாத குறை ஆடி மாதத்தில் தெரியாது, சித்திரையில் தெரியும். நகரும்போது லேசாக இருக்கும் ஸ்டியரிங், பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் வண்டியை ஒடித்து நிறுத்தும்போது கல்லாக மாறுகிறது.

அங்கிருந்து திருவண்ணாமலைக்குச் சின்ன ஓட்டம்தான். கிரிவலத் திருவண்ணாமலை அல்ல. தென் திருப்பதி என்று இந்தப் பக்கத்தார் சொல்லும் சீனிவாசப் பெருமாள் குன்று. புரட்டாசி சனிக்கிழமையில் இந்தப் பாதையில் ஃபியட் எடுத்து வருவது வீண்வம்பு: கூட்டத்தில் ஊர்ந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி இன்ஜின் மூச்சை விட்டுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது இந்த மாடலுக்குப் பழைய வைத்தியம். நான் போனது சாதாரண நாள். மலையடிவாரம் வரை வண்டி அந்த வம்பைச் செய்யவில்லை.

திரும்பியதும் மெக்கானிக் அண்ணாச்சி பானட்டைத் திறந்து காட்டினார். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்திருக்கிறது. "கட் பண்ணலை சார், துளையும் போடலை. ரெண்டு போல்ட்டைக் கழட்டினா பழையது அப்படியே உக்காரும்" என்றார். இந்த நிபந்தனையை எல்லா மாற்றத்துக்கும் வைத்திருக்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்று ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரமையும் மாற்றியிருக்கிறார்கள்; பழையவை டின்னில். இக்னிஷன் பாயின்ட்டை மட்டும் எலக்ட்ரானிக்காக மாற்ற மறுத்துவிட்டார்கள். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கும்வரை அது சரியான முடிவுதான்.

குறையும் உண்டு. சீட்டைக் கழற்றுவதற்கு முன் பழைய ரெக்சினின் தையலை யாரும் படம் எடுக்கவில்லை. இப்போதிருக்கும் வைர வடிவத் தையல் கார் அலங்காரக் கடைக்குச் சொந்தமானது, 1969க்கு அல்ல. பெயின்டும் இன்றைய சரக்கு, கண்ணைக் குத்துகிறது. நல்லவேளை, டிக்கியின் உட்சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பழைய சாம்பல் நிறத்தைப் பட்டி பார்க்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை பெயின்ட் அடிக்கும் நாளில் நிறத்தை அதிலிருந்து எடுக்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதி பதில் சொல்கிறது. முதல் பதிவு முடிந்து 50 வருடம் கடந்த சொந்த உபயோக வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூலவடிவில் இருந்தால், விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதியும் வண்டியின் எண்ணில் 'விஏ' எழுத்து வரும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் என்று வரையறை இருக்கிறது. இதில் எனக்கு ஒப்புதல் பாதிதான். ஓடாமல் நிற்கும் ஃபியட்டில் வீல் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வருவதே இந்த வண்டிக்கு மருந்து. இந்தக் குடும்பம் விண்டேஜ் பதிவுக்குப் போகாமல், சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. என் ஓட்டும் அதற்கே.

1974இல் பதிவான முதல் பத்மினிகளும் இப்போது 50ஐத் தாண்டிவிட்டன. அவற்றைத் தேடுகிறவர்கள் கூடுவார்கள். வாங்கப் போகிறவர் முதலில் ஆர்.சி. புக்கை வாங்கி, இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணையும் சேசிஸ் எண்ணையும் டார்ச் அடித்துப் பொருத்திப் பார்க்கட்டும். எல்பிஜி போட்டது, டீசல் ஏற்றியது, தரை கியர் மாற்றியது எல்லாம் சந்தையில் உண்டு. அவற்றை ஓட்ட வாங்கலாம், விண்டேஜ் கணக்கில் விலை கொடுக்க வேண்டாம். பிரீமியரின் சர்வீஸ் மேனுவலோ உதிரிபாகப் பட்டியலோ வண்டியோடு வந்தால், பேரம் பேசாமல் அதற்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கலாம்.