முத்திரை இருந்தால் போதுமா?

காரைக்கால் மீன் கடைகளில் இப்போது மின்னணுத் தராசுதான். பக்கத்தில் ஈயமுத்திரை தொங்குகிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி இந்த வகைத் தராசு 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட வேண்டும். எடைக்கல்லுக்கும் பழைய தட்டுத் தராசுக்கும் 24 மாதம். இந்த ஏற்பாட்டை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. காரைக்காலிலிருந்து கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாட்டு எல்லை. இங்கே புதுச்சேரி நிர்வாகம், அங்கே வேறு நிர்வாகம். ஆனாலும் நாகூரில் வாங்கும் கிலோவும் காரைக்காலில் வாங்கும் கிலோவும் ஒன்றாக இருப்பதற்கு இந்தச் சட்டமே காரணம்.

ஆனால் முத்திரை சொல்வது சோதித்த நாளின் நிலையை. அடுத்த பதினோரு மாதம் அந்தத் தராசு உப்புக் காற்றிலும் ஐஸ் தண்ணீரிலும் கிடக்கிறது, வண்டியில் ஏறி இறங்குகிறது. உள்ளே இருக்கும் எடை உணரி சற்றே விலகினாலும் திரையில் எண் முன்போலவே தெளிவாகத்தான் ஒளிரும். தட்டுத் தராசில் இந்த மறைவு இல்லை. வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று வாங்குபவரே பார்க்கலாம். மீனையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தால் கோலின் இரு கைகளும் ஒரே நீளமா என்பது அப்போதே தெரிந்துவிடும். கல் பொய்யாக இருந்தால் அதற்கு இந்தச் சோதனை உதவாது, உண்மைதான். ஆனாலும் வாங்குபவர் கையிலிருந்த ஒரு சோதனையை மின்னணுத் தராசு பறித்துக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

அந்த இடத்தை இப்போது கைவைத்தியங்கள் நிரப்புகின்றன. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்ப்பது அவற்றில் ஒன்று. பெரிய பிழையை இது காட்டிக்கொடுக்கும். கிலோவுக்கு 100 கிராம் அடிக்கும் தராசு உப்பிடம் தப்பாது. நுணுக்கம் வேண்டுமானால் இது உதவாது. ஒரு கிலோ பொட்டலத்தில் 15 கிராம் வரை குறைவதை விதியே பொறுத்துக்கொள்கிறது. உறையின் எடை வேறு. 5 கிராம் பிரிவுள்ள 30 கிலோ தராசு ஒரு கிலோவில் காட்டலாம் என அனுமதிக்கப்படும் பிழையோ, பயன்பாட்டில் இருக்கும்போதுகூட, 5 கிராம்தான். சோதிக்கும் பொருளின் பிழை சோதிக்கப்படும் கருவியின் பிழையைவிட மூன்று மடங்கு. நாணயம் இன்னும் மோசம். ஐந்து ரூபாய் நாணயத்தில் 9 கிராம், 6 கிராம், 6.74 கிராம் என மூன்று எடை புழங்குகின்றன. நகை நிறுக்கும் சிறு தராசை அதை வைத்துச் சரிபார்ப்பவர் எந்த ஆண்டு நாணயம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

முத்திரையிட்ட கல்லே சரியான வழி. ‘எம்1’ வகுப்பு ஒரு கிலோ கல்லில் அனுமதிக்கப்படும் பிழை 50 மில்லிகிராம். அதையும் தட்டின் நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. பெரிய வஞ்சிரம் தட்டின் ஒரு ஓரத்தில்தான் சரிந்து கிடக்கும். ஆகவே கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, 30 கிலோ தராசென்றால் 10 கிலோவை, நான்கு மூலைகளிலும் வைத்து எண் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்துவிட்டு மீண்டும் வைக்கும்போது அதே எண் வர வேண்டும்.

கல்லை எங்கே வைத்துச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். எடை உணரி அளப்பது புவியீர்ப்பு இழுக்கும் விசையை. டெல்லியைவிடக் காரைக்கால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்த இழுப்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. டெல்லியில் திருத்திய தராசை அப்படியே இங்கு கொண்டுவந்தால் 10 கிலோவுக்குச் சுமார் 10 கிராம் குறைத்துக் காட்டும், நட்டம் விற்பவருக்கு. தட்டுத் தராசில் கல்லும் மீனும் ஒரே ஈர்ப்பில் தொங்குவதால் இந்தச் சிக்கலே இல்லை. தொழிற்சாலைச் சான்றிதழை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் மீன்காரம்மா தலையில் சுமத்துவது நியாயமில்லை. விடியுமுன் ஏலத்துக்குப் போய் வருபவர் அவர். கூடையின் எடையைக் கழிக்கவில்லை என்ற சண்டையையும் அவரேதான் தாங்குகிறார். சந்தை வாசலில் நகராட்சி ஒரு கிலோ கல்லும் ஐந்து கிலோ கல்லும் வைத்தால் விற்பவரும் வாங்குபவரும் எந்நேரமும் சோதித்துக்கொள்ளலாம். அந்தக் கற்களையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரைக்கு அனுப்ப வேண்டும். அவை திரும்பும்வரை சந்தையில் வைக்க இன்னொரு ஜோடி கையிருப்பில் இருக்க வேண்டும்.